வாகனப் பழுதுபார்ப்புக் கடைக்குத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத அரசுப் பணம் கிடைக்குமா?

பெரியகுளம் ஷெட்

அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் ஐந்து ஆண்டுகளாகக் கார், ஜீப் பழுதுபார்க்கும் ஷெட் நடத்தி வருகிறேன். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் பிறரிடம் வேலை பார்த்தேன். இடம் நகராட்சி எல்லைக்குள் வாடகைக்கு எடுத்தது. இரண்டு பையன்கள் உடன் இருக்கிறார்கள். இன்றும் ஜாக்கியையும் மரக்கட்டையையும் நம்பித்தான் வண்டிக்கு அடியில் படுக்கிறோம். போன மாதம் ஒரு ஜீப்பின் கியர் பாக்ஸை இறக்கும்போது ஜாக்கி நழுவி, பையனின் தோள் மயிரிழையில் தப்பியது. இனிமேல் லிஃப்ட் இல்லாமல் அந்தப் பையன்களை வண்டிக்கு அடியில் அனுப்புவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தும் டூ போஸ்ட் லிஃப்ட், கம்ப்ரசர், கோளாறைக் கண்டறியும் ஒரு நல்ல ஸ்கேனர் ஆகியவற்றுக்கும் தரையைக் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்துவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 9 லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. அவ்வளவையும் வட்டிக்கு வாங்கினால் மாதத் தவணை கட்டியே ஓய்ந்துவிடுவேன். திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம், நிதியுதவி என்று ஏதாவது எங்களைப் போன்ற கடைகளுக்கு உண்டா? நேற்று ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மத்திய அரசின் 10 லட்சம் ரூபாய் "முழு மானியம்" வாங்கித் தருவதாகவும், பைல் செலவுக்கு 4,500 ரூபாய் அனுப்பும்படியும் கேட்டார். அனுப்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழி காட்டினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தம்பி, முதலில் அந்த 4,500 ரூபாயை அனுப்பாதீர்கள். மானியத் திட்டங்களுக்கான விண்ணப்பமும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் முற்றிலும் இலவசம். அரசு எந்த இடைத்தரகரையும் நியமிக்கவில்லை. பணம் கேட்டு அழைப்பவர் யாராக இருந்தாலும், அவர் எந்த முத்திரையைக் காட்டினாலும், அது மோசடிதான்.

அடுத்து, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவர் கையில் காசோலையைக் கொடுத்து, இதைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லும் திட்டம் எதையும் என் முப்பத்திரண்டு ஆண்டு வங்கிப் பணியில் நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இருப்பது கடனோடு பிணைந்த மானியம். வங்கி கடன் கொடுக்கும். அந்தக் கடனில் ஒரு பகுதியை அரசு அடைக்கும். வங்கி கடன் கொடுக்க மறுத்தால் மானியமும் இல்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

இவற்றில் பெரியது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சுருக்கமாகப் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். 2008-இல் தொடங்கியது, கதர் மற்றும் கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது, மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு, அதாவது தொழிலுக்கு ஆகும் மொத்தச் செலவு, இருக்கலாம். வாகனப் பழுதுபார்ப்பு சேவைத் தொழிலில் வரும். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், ஊரகத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, ஊரகத்தில் 35.

அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. 12 லட்சம் ரூபாயில் ஊராட்சிப் பகுதியில் ஒரு பிற்படுத்தப்பட்ட வகுப்பு இளைஞர் புதிதாக ஷெட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொந்தமாக 5 சதவீதம், அதாவது 60,000 ரூபாய் போடுகிறார். மீதி 11 லட்சத்து 40 ஆயிரத்தை வங்கி தருகிறது. மானியம் 4 லட்சத்து 20 ஆயிரம். அது அவர் கைக்கு வராது. அவர் பெயரில் அந்த வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாகக் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. ஆகவே நடைமுறையில் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்குத்தான் அவர் வட்டி கட்டுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்து, கடை உண்மையாகவே நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகு அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் கடையை மூடினால் அது அரசுக்கே திரும்பிப் போய்விடும். திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பணம் என்பது, கடை நடந்துகொண்டே இருந்தால் மட்டும் அப்படி ஆகிற பணம்.

உங்களுக்கு வருத்தம் தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் முதல் மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே உரியது. ஐந்து ஆண்டுகளாக நடக்கும் கடைக்குக் கிடைக்காது. இருந்தாலும் வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் மேல் இப்போது என்ன கடன் இருக்கிறது, எந்தத் திட்டத்தில் வாங்கியது என்று எழுதுங்கள்.

ஈரோடு டிங்கர்

ஐயா சொன்ன "புதிய தொழில்" என்ற சொல்லின் விலையை நான் கொடுத்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்பவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாகத் தொடங்குவதற்காக இதே திட்டத்தில் விண்ணப்பித்தேன். தொழில் மையத்தில் பரிந்துரை செய்து வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். வங்கி மேலாளரும் நம்பிக்கையாகவே பேசினார். ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் எதையும் தொடங்க விட மாட்டார்கள். கடன் எப்படியும் வந்துவிடும் என்ற எண்ணத்தில் மனைவியின் நகையை அடகு வைத்துக் கம்ப்ரசரையும் வெல்டிங் மெஷினையும் வாங்கிப் போட்டு, பந்தல் கட்டிக் கடையைத் திறந்துவிட்டேன். பதினெட்டு நாள் கழித்து வங்கியிலிருந்து கடையைப் பார்வையிட வந்தார்கள். மெஷின் பில்லில் இருந்த தேதியைப் பார்த்தார் அந்த அலுவலர். சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு கார் கதவுகளையும், அரைகுறையாகப் பட்டி பூசிய ஒரு பானெட்டையும் பார்த்தார். "கடை ஏற்கெனவே ஓடுகிறதே" என்றார். அவ்வளவுதான். நடப்பிலுள்ள தொழில் என்று எழுதிப் பைல் திரும்பி வந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி அப்படி. ஆனால் கடன் ஒப்பளிப்புக் கடிதம் கையில் வருவதற்கு முன் ஒரு ஸ்பேனர்கூட வாங்காதே என்று விண்ணப்பித்த நாளில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் 3 லட்சம் ரூபாய் மானியம் என்னை விட்டுப் போயிருக்காது. தயவுசெய்து இதைப் படிக்கும் தம்பிகள், மெஷின் விற்பவர் "இந்த வாரம் மட்டும் விலை குறைவு" என்று சொன்னாலும் அசையாதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள்.

நான்கு சக்கரம்

பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் கருவிப் பெட்டிக்கு 15,000 ரூபாய் இலவசமாகத் தருகிறார்களே, அது மெக்கானிக்குகளுக்குப் பொருந்தாதா? அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம்தானே?

கணக்குப்பிள்ளை

பொருந்தாது, சகோதரரே. அதில் 18 கைத்தொழில்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. தச்சர், கொல்லர், பூட்டுத் தொழிலாளி, குயவர், தையற்காரர், முடிதிருத்துவோர் முதலானோர் இருக்கிறார்கள். வாகன மெக்கானிக் இல்லை. பூட்டுத் தொழிலாளி என்று எழுதிக் கொடுத்து வாங்கித் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். பொய்யான தொழிலைக் காட்டி வாங்கும் எந்தப் பணமும் பின்னால் வினையாகத்தான் வரும்.

நான் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி, திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பவள். பழுதுபார்ப்புக் கடைகளின் பைல்கள் எங்கே சறுக்குகின்றன என்று பல முறை பார்த்திருப்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உத்யம் பதிவில் தொழில் குறியீடு தவறாக இருப்பது ஒன்று. கார் முதலிய மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக்கு 45200. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 45403. பதிவு செய்து கொடுக்கும் கணினி மையங்களில் உதிரிபாக விற்பனையின் குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது உங்கள் கடை காகிதத்தில் ஒரு வியாபாரமாகிவிடுகிறது, திட்ட அறிக்கையில் சேவை என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது.

திட்ட அறிக்கை இன்னொன்று. கடையில் 500 ரூபாய்க்கு விற்கும் அச்சடித்த அறிக்கையைக் கொண்டு போகாதீர்கள். வங்கி அலுவலர் அதில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் ஆழமாகப் பார்ப்பார்; அது வருமானக் கணக்குப் பக்கம். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வரும், அதில் எத்தனை சாதாரணச் சர்வீஸ், எத்தனை பெரிய வேலை, ஒரு வேலைக்குக் கூலி எவ்வளவு, ஆடியிலும் மழைக்காலத்திலும் எவ்வளவு குறையும் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லத் தெரிய வேண்டும். என்னிடம் வந்த ஒருவரை, நாள்தோறும் வந்த வண்டி எண்ணையும் வாங்கிய கூலியையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று மாதம் எழுதச் சொன்னேன். அவர் வேறொருவர் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எழுதிய நோட்டு அது. மேலாளர் அறிக்கையை மூடி வைத்துவிட்டு அந்த நோட்டைத்தான் புரட்டினார். கடன் ஒப்பளிக்கப்பட்டது.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரியகுளம் ஷெட்

ஐயா, நீங்கள் கேட்ட விவரம் இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் முத்ரா திட்டத்தில் 2 லட்சம் வாங்கினேன். தவணை எதுவும் தவறவில்லை. இன்னும் மூன்று தவணையில் முடிகிறது. இரண்டு ஆண்டுகளாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறேன். கடை என் பெயரில் உத்யம் பதிவு பெற்றது. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நண்பர் ஒருவர், அதே கடையை மனைவி பெயருக்கு மாற்றிப் புதிய தொழில் என்று காட்டினால் 25 சதவீதம் கிடைக்கும் என்கிறார். இது சரியா?

நான்கு சக்கரம்

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெயர்ப் பலகையை மாற்றினால் போதும். அரசுப் பணம் யாருக்கோ போவதற்கு நமக்கு வந்தால் என்ன?

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

நண்பர் நான்கு சக்கரத்துக்கு: நான் இதை வன்மையாக மறுக்கிறேன். அதே இடம், அதே கருவிகள், அதே வாடிக்கையாளர்கள், பெயர் மட்டும் வேறு என்றால் அது புதிய தொழில் ஆகாது. மூன்று ஆண்டுகள் கழித்து நேரடி ஆய்வு நடக்கும்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "இது பத்து வருசமா இருக்குதுங்க" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மானியம் திரும்பிப் போகும். முழுக் கடனும் தலையில் விழும். அதுவும் கடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்ணின் தலையில் விழும். கணவன் வாங்கிய மானியத்துக்காக மனைவியின் சிபில் (கடன் மதிப்பெண்) கெட்டு, மகளின் கல்விக் கடன் நின்றுபோன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். மேலும் இந்தத் திட்டத்தில் கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் தகுதி. மனைவியே முன்னின்று நடத்தும் வேறொரு உண்மையான தொழில் என்றால் பேச்சே வேறு.

பெரியகுளத்துத் தம்பி, உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. பி.எம்.இ.ஜி.பி.யில் இரண்டாம் கடன் என்று ஒரு பிரிவு உண்டு. நடப்பிலுள்ள கடையை மேம்படுத்துவதற்கென்றே வந்தது. முன்பு இதே திட்டத்தில் கடன் பெற்றவர்களுக்கு மட்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். முத்ராவில் கடன் பெற்றவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள் இவை: முதல் கடனைக் காலத்துக்குள் முழுவதும் அடைத்திருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகள் தொழில் லாபத்தில் நடந்திருக்க வேண்டும். சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். மானியம் 15 சதவீதம். உங்கள் 9 லட்சத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் வரும். சொந்தப் பணம் 10 சதவீதம் போட வேண்டும்.

தொகை சிறியது என்று தோன்றலாம். லிஃப்டின் விலையில் பெரும் பகுதி அதில் வந்துவிடும் என்று பாருங்கள். மூன்று தவணையையும் முடித்து, கடன் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்குங்கள். மூன்றாவது ஆண்டின் வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்துவிட்டுப் போங்கள். லாபத்தைக் காட்ட உங்களிடம் வேறு காகிதம் இருக்காது.

தாராபுரம் டீசல்

மாநில அரசின் திட்டங்களை யாரும் இன்னும் தொடவில்லை. என் அனுபவத்தில் அவைதாம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கதவு.

நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்கிறேன். 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. உச்ச வரம்பு 1 கோடியே 50 லட்சம். அதோடு 6 சதவீத வட்டி மானியம். கல்வித் தகுதி கேட்பதில்லை. 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். இந்த இழையைப் படிப்பவர்களுக்கு முக்கியமானது, நடப்பிலுள்ள கடையை விரிவாக்கவும் அதில் இடமுண்டு என்பதே. இன்ஜெக்டர் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் ஒன்றை அப்படித்தான் வாங்கினேன். அதற்கு முன்பு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் பேருந்தில் கோவைக்கு எடுத்துப் போய்ச் சோதித்து வருவேன். ஒரு வண்டி இரண்டு நாள் கடையிலேயே நிற்கும். இப்போது காலையில் கழற்றினால் மதியத்துக்குள் மாட்டிவிடுகிறேன்.

இவ்வளவு பெரிய தொகை தேவையில்லை என்பவர்கள் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோ வழியாக முதலமைச்சரின் தொழில்முனைவுத் திட்டத்தைப் பார்க்கலாம். அதில் 35 சதவீதம் அல்லது 3 லட்சத்து 50 ஆயிரம், இதில் எது குறைவோ அது மானியம்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் பைலை முதலில் கொடுத்த வங்கிக் கிளையில் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு, வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே சரி செய்திருப்பேன். கடனின் காலம் ஏழு ஆண்டு என்றால், பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எதை நம்பிக் கொடுப்பார்கள் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏழு மாதம் வாய் திறக்காமல் இருந்ததில்தான் இல்லை. கட்டட உரிமையாளரிடம் பேசி நீண்ட காலக் குத்தகையாகப் பதிவு செய்தேன். வேறொரு கிளையில் கொடுத்தேன். ஆறு வாரத்தில் முடிந்தது.

ஈ.எம்.இ. ஹவில்தார்

முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு குறிப்பு. "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டத்தில் 1 கோடி வரையிலான தொழில் கடனுக்கு 30 சதவீத முதலீட்டு மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறார்கள். ராணுவத்தில் வாகனப் பணிமனையில் இருந்து வந்த நம் ஆட்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள், பலர் ஏ.டி.எம். காவலுக்குப் போய்விட்டார்கள். கையில் தொழில் இருக்கும்போது அது வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெரியகுளம் ஷெட்

எல்லோருக்கும் நன்றி. மனைவி பெயருக்கு மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஐயா "வேறொரு உண்மையான தொழில்" என்று எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. என் தம்பிக்கு 27 வயது, ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு முடித்தவன். இப்போது தேனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். அவனுக்கு வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங், டயர் மாற்றும் வேலை மட்டும் செய்யும் கடை தொடங்க வேண்டும் என்று வெகு நாள் ஆசை. எங்கள் பக்கம் அதற்கு வேலை இருக்கிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் மலைப்பாதையில் ஏறி இறங்கி, முன் டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்து வரும். டயரின் வெளி ஓரத்தைக் கையால் தடவினால் ரம்பம் போல வெட்டும். அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டு, அதுவும் அப்படியே தேய்ந்து திரும்பி வருகிறார்கள். பெரியகுளம் சாலையில் ஊராட்சி எல்லைக்குள் ஒரு இடம் பார்த்திருக்கிறான். மெஷின், கம்ப்ரசர், ஷெட் எல்லாம் சேர்த்து 14 லட்சம் ஆகும். அவனுக்கு எந்தத் திட்டம் சரி?

கணக்குப்பிள்ளை

உங்கள் தம்பி தனிக் குடும்பம், தொழிலும் இடமும் வேறு, முதலீடும் அவருடையது. இது உண்மையிலேயே புதிய தொழில். அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், யு.ஒய்.இ.ஜி.பி., மாநில அரசுடையது. 25 சதவீத மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்தது நீட்ஸ் எனப்படும் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம். 2012 முதல் இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்ச வரம்பு, 3 சதவீத வட்டி மானியம். ஐ.டி.ஐ. படித்தவர் என்பதால் தகுதி உண்டு. மூன்றாவது பி.எம்.இ.ஜி.பி.

14 லட்சம், ஊராட்சிப் பகுதி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பி.எம்.இ.ஜி.பி.யில் 35 சதவீதம், அதாவது 4 லட்சத்து 90 ஆயிரம் மானியம். சொந்தப் பணம் 70,000. வங்கி 13 லட்சத்து 30 ஆயிரம். மானியம் போக நிற்கும் கடன் 8 லட்சத்து 40 ஆயிரம். நீட்ஸில் மானியம் 3 லட்சத்து 50 ஆயிரம். ஆனால் 3 சதவீத வட்டி மானியம் கூடுதல். ஏழு ஆண்டுக் கடனுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு தொகைக்குப் பி.எம்.இ.ஜி.பி.யே இலாபம். பின்னாளில் 30, 40 லட்சத்துக்குப் பெரிய கடையாகப் போடும் எண்ணம் இருந்தால் நீட்ஸைத்தான் சொல்வேன். ஒரே தொழிலுக்கு இரண்டு அரசு மானியம் வாங்க முடியாது. ஆகவே முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஊராட்சி எல்லைக்குள் இடம் என்பது இங்கே பெரிய செய்தி. அதே கடையை நகராட்சிக்குள் போட்டால் 25 சதவீதம்தான். 1 லட்சத்து 40 ஆயிரம் குறைந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் புல எண் எந்த எல்லையில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும் ஊர்கள் உண்டு. விண்ணப்பத்தோடு ஊரகப் பகுதிச் சான்று இணைக்க வேண்டும்.

ஈரோடு டிங்கர்

தம்பி வாட்டர் சர்வீஸும் சேர்த்துச் செய்யப்போகிறாரா? அப்படியானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கழுவிய நீரில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் திட்ட மதிப்பிலேயே சேருங்கள். இல்லாவிட்டால் பின்னால் கைப்பணத்தில் கட்டிக்கொண்டிருக்க நேரும்.

நான்கு சக்கரம்

முன்பு நான் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஐயா சொன்ன அந்தக் குடும்பத்தின் கதை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆயில் நிறுவனங்கள் இலவசமாகக் கம்ப்ரசர், பெயர்ப் பலகை, கிரீஸ் பம்ப் எல்லாம் தருகின்றனவே. அதையும் திருப்பிக் கட்ட வேண்டாத உதவி என்று கொள்ளலாமா?

தாராபுரம் டீசல்

கொள்ள முடியாது என்பது என் கருத்து. ஆண்டுக்கு இவ்வளவு லிட்டர் எங்கள் ஆயிலைத்தான் வாங்குவேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். அளவு குறைந்தால் பொருளை எடுத்துப் போகவோ விலையைக் கேட்கவோ ஒப்பந்தத்தில் வழி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை முழுவதும் படித்துவிட்டு, ஏற்கெனவே அந்த ஆயில் உங்கள் கடையில் ஓடுகிறதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் நம் தொழிலாளர்களுக்கு இருக்கிறது; யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களோடு வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து நல வாரியம் ஒன்று தொழிலாளர் துறையின் கீழ் இயங்குகிறது. உறுப்பினரானால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, விபத்து மரணத்துக்கு இழப்பீடு, 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் கிடைக்கும். கடைக்கு லிஃப்ட் வாங்கித் தராது. கடையில் வேலை செய்யும் பையன்களுக்கு உதவும். ஜாக்கி நழுவியது என்று எழுதினீர்களே, பெரியகுளத்து நண்பரே, அந்தப் பையன்கள் இருவரையும் இந்த வாரமே அதில் பதிவு செய்யுங்கள்.

பெரியகுளம் ஷெட்

பதினெட்டு வயது நிரம்பியவர்கள்தாம் இருவரும். ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம் எல்லாம் எடுத்து வரச் சொல்லிவிட்டேன், பதிவு செய்துவிடுகிறேன்.

இடத்தின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டினோம். ஊராட்சி எல்லைதான். கட்டட உரிமையாளர் ஏழு ஆண்டுக்குப் பதிவு செய்து தரச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை தம்பியுடன் தேனியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறேன். மெஷின்காரர் 20,000 முன்பணம் கேட்டார். கொடுக்கவில்லை, கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. எண்ணும் தேதியும் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: தொழில்முனைவோர் பயிற்சியைத் தம்பி கடன் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் அவருக்குப் பத்து நாள் பயிற்சி. இணையவழியிலும் உண்டு. அந்தச் சான்று இல்லாமல் வங்கி மானியத்தைக் கேட்டு எழுத முடியாது. ஆகவே விண்ணப்பம் போட்டதுமே தொடங்கி முடித்துவிடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் முதல் வங்கியோடு மாற்று வங்கி ஒன்றைக் குறிக்கவும் இடம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தம்பியின் கடன் அந்த வரம்புக்கு மேல் வந்தால், பிணைக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் எடுத்துக்கொள்ளும்படி மேலாளரிடம் கேளுங்கள். திங்கட்கிழமை போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். உங்கள் முத்ரா கடன் முடிந்த பிறகு இரண்டாம் கடனுக்கான விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே நிரப்பலாம்.